ஒரு ஸ்டாப் என்பது எவ்வளவு?

சித்திரை மாதத்து உச்சிவெயில் தரையில் விழும்போது அதன் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். பௌர்ணமி நிலா உச்சிக்கு வந்த நேரத்தில் அதே தரையில் விழுவது கால் லக்ஸ். முன்னது பின்னதைப் போல நான்கு லட்சம் மடங்கு. ஆனாலும் இரண்டிலும் நாம் கல் தடுக்காமல் நடந்து போகிறோம். வெயிலில் கண் கூசும், நிலவில் நிறங்கள் வெளிறிப்போகும், அவ்வளவுதான். வகுப்பறை, கல்யாண மண்டபம், மழை மூட்டம் போட்ட மாலை, தெருவிளக்கின் அடி என்று நாம் படம் எடுக்கும் இடங்களெல்லாம் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் எங்கோ இருக்கின்றன.

இவ்வளவு பெரிய இடைவெளியை எப்படி எண்ணுவது? லக்ஸ் லக்ஸாகக் கூட்டிக்கொண்டு போனால் விடியாது. இரட்டித்துக்கொண்டு போகலாம். கால் லக்ஸில் தொடங்கி அரை, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று போனால் பதினெட்டாவது இரட்டிப்பில் 65,536 லக்ஸுக்கு வந்துவிடுகிறோம். பத்தொன்பதாவதில் 1,31,072. ஆக, நிலவுக்கும் வெயிலுக்கும் நடுவே இருப்பது பதினெட்டரைப் படிகள்தான். அந்த ஒவ்வொரு படிக்கும் புகைப்படக்காரர்கள் சொல்லும் பெயர் ஸ்டாப்.

படப்பிடிப்புத் தளத்திலும் கல்யாண மேடையிலும் இந்தச் சொல் நாள் முழுக்கக் காதில் விழும். “அரை ஸ்டாப் ஏத்துங்க”, “முகம் ரெண்டு ஸ்டாப் அண்டர்ல இருக்கு சார்”, “பின்னாடி ஜன்னல் மூணு ஸ்டாப் ஓவர்”. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் லக்ஸ் கணக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்டாப் கூட்டு என்றால் இப்போது இருப்பதை இரண்டு மடங்காக்கு. குறை என்றால் பாதியாக்கு. உச்சிவெயிலில் ஒரு ஸ்டாப் குறைந்தால் 50,000 லக்ஸ் போய்விட்டது என்று பொருள். நிலவொளியில் ஒரு ஸ்டாப் குறைந்தால் போனது லக்ஸில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு இடத்திலும் படத்தின் மேல் விளைவு ஒன்றே. புகைப்படக் கலையின் கணிதம் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்துக்குள் அடங்கிவிடுகிறது. கற்றுக்கொடுப்பவர்கள் பலர் இதைக் கடைசியில் சொல்கிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை.

முதலில் ஸ்டாப் ஒரு பொருளாக இருந்தது. லென்ஸின் விளிம்பு வழியாக நுழையும் கதிர்கள், நடுவே நுழையும் கதிர்கள் சேரும் புள்ளியில் சரியாகச் சேர்வதில்லை. விளிம்பை மறைத்தால் படம் தெளிவாகும். அதற்காக நடுவில் துளையிட்ட தகட்டை லென்ஸில் பொருத்துவார்கள். கதிரைத் தடுத்து நிறுத்தும் அந்தத் தகடுதான் ஸ்டாப். 1858ல் இங்கிலாந்தின் ஹாலிபாக்ஸ் நகரைச் சேர்ந்த ஜான் வாட்டர்ஹவுஸ் என்பவர் லென்ஸ் குழாயின் பக்கவாட்டில் ஒரு பிளவு வைத்து, வெவ்வேறு அளவில் துளையிட்ட பித்தளைத் தகடுகளை அதில் செருகி எடுக்கும் முறையை வெளியிட்டார். லென்ஸைக் கழற்ற வேண்டாம். தகட்டை மாற்றினால் போதும். வாட்டர்ஹவுஸ் ஸ்டாப் என்ற பெயர் இன்றும் பழைய கேமரா சேகரிப்பவர்களிடம் புழங்குகிறது. பிறகு, விரிந்து சுருங்கும் இதழ்களாலான அப்பர்ச்சர் வந்து தகடுகளை ஓரங்கட்டியது. தகடு போய்விட்டது, ஒரு தகட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது மாறும் ஒளியின் அளவு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

துளையின் அளவை எப்படிச் சொல்வது என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. 25 மில்லிமீட்டர் துளை என்று மட்டும் சொன்னால் போதாது. 50 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸில் அது தாராளமான வாசல். 200 மில்லிமீட்டர் லென்ஸில் இடுக்கு. குவியத் தூரம் கூடக் கூட அதே ஒளி பெரிய பிம்பமாகப் பரவி மெலிந்துவிடும். எனவே குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டார்கள். 50ஐ 25ஆல் வகுத்தால் எஃப் 2. 200ஐ 25ஆல் வகுத்தால் எஃப் 8. எந்த லென்ஸானாலும் எஃப் 8 என்றால் பிலிமில் விழும் வெளிச்சம் ஒன்றே. 200 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 2.8 வேண்டும் என்றால் அதன் வாய் 71 மில்லிமீட்டர் அகலம் இருந்தாக வேண்டும். விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் ஒற்றைக்கால் தாங்கிகளில் நிற்கும் அந்தப் பெரிய லென்ஸ்களின் எடைக்குக் காரணம் இந்த வகுத்தல்தான்.

வகுத்தல் என்பதால் எண் ஏறினால் ஒளி குறையும். புதிதாகக் கற்பவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. அடுத்து தடுமாறுவது எண்களின் வரிசையில்: 1, 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22. ஒளி பாதியாக வேண்டுமானால் துளையின் பரப்பு பாதியாக வேண்டும். பரப்பு, விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே விட்டத்தை 2ன் வர்க்கமூலமான 1.414ஆல் வகுத்தால்தான் பரப்பு பாதியாகும். வரிசையில் ஒவ்வொரு எண்ணும் முந்தையதன் 1.414 மடங்கு. ஒன்று விட்டு ஒன்று பார்த்தால் 1, 2, 4, 8, 16 என்று சாதாரண இரட்டிப்பு. நடுவில் இருப்பவை 1.4, 2.8, 5.6, 11, 22. இரண்டு எண்களை நினைவில் வைத்தால் வரிசை முழுவதையும் எழுதிவிடலாம். இதே 1.414 ஜெராக்ஸ் கடையிலும் இருக்கிறது. ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர், வகுத்துப் பாருங்கள். ஏ4ஐ ஏ5 ஆகச் சுருக்க இயந்திரம் காட்டும் 71 சதவீதம், நீளத்தை ஒரு ஸ்டாப் குறைத்ததற்குச் சமம்; தாளின் பரப்பு சரிபாதி.

இதைவிட எளிய வரிசை ஒன்று ஒருகாலத்தில் இருந்தது. 1881ல் இங்கிலாந்தின் புகைப்படச் சங்கம் ஒரு பொதுமுறையை அறிவித்தது. எஃப் 4க்கு 1, எஃப் 5.6க்கு 2, எஃப் 8க்கு 4, எஃப் 11க்கு 8, எஃப் 16க்கு 16. எண் இரட்டித்தால் ஒளி பாதி. அதாவது எக்ஸ்போஷர் நேரத்தை அப்படியே இரட்டித்தால் கணக்கு முடிந்தது. வர்க்கமூலம் தெரியாத பையனும் பயன்படுத்தலாம். கோடக் தன் மடிப்புக் கேமராக்களில் 1920கள் வரை இதைப் பொறித்து விற்றது. அந்தக் காலத்துக் கேமரா உங்கள் வீட்டுப் பரணில் இருந்து, அதன் வளையத்தில் 4, 8, 16 மட்டும் இருந்து 5.6ம் 11ம் இல்லையென்றால் எச்சரிக்கையாக இருங்கள். அதில் உள்ள 4 உண்மையில் எஃப் 8ஆக இருக்கலாம். எஃப் 4 என்று நம்பி எடுத்தால் படம் இரண்டு ஸ்டாப் இருண்டு வரும்.

கற்பவனுக்கு நல்லது அந்த முறைதான் என்று நினைக்கிறேன். ஆனால் வென்றது எஃப் எண். அதற்கும் நியாயம் இருக்கிறது. துளையின் அளவு வெளிச்சத்தோடு நிற்பதில்லை. எவ்வளவு ஆழம் வரை படம் தெளிவாக இருக்கும், எந்த இடத்தில் ஒளி துளை விளிம்பில் விலகிப் படம் மழுங்கத் தொடங்கும், பிளாஷ் எவ்வளவு தூரம் எட்டும் ஆகிய எல்லாச் சூத்திரங்களிலும் எஃப் எண் நேராகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிளாஷை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கிலிருந்து விலக விலக வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஒரு மீட்டரில் நிற்பவர் 1.4 மீட்டருக்குப் போனால் அவர்மேல் விழுவது பாதி. 2 மீட்டரில் அதிலும் பாதி. பிறகு 2.8, 4, 5.6, 8 மீட்டர். லென்ஸில் பொறித்த அதே எண்கள் தரையிலும் ஸ்டாப்பைக் காட்டுகின்றன. பிளாஷின் கைடு நம்பர் 40 என்றால் எஃப் 8ல் 5 மீட்டர் எட்டும், எஃப் 4ல் 10 மீட்டர். குழுப் படத்தில் முன்வரிசை 2 மீட்டரிலும் பின்வரிசை 4 மீட்டரிலும் நின்றால் பின்னால் நிற்கும் சித்தப்பா இரண்டு ஸ்டாப் கறுத்துத்தான் போவார். எல்லோரையும் கொஞ்சம் பின்னால் தள்ளி, நீங்களும் பின்வாங்கினால் அந்த வித்தியாசம் சுருங்கும். 6 மீட்டருக்கும் 8 மீட்டருக்கும் நடுவே ஒரு ஸ்டாப் கூட இல்லை.

அப்பர்ச்சரின் பெயரை ஷட்டரும் பிலிமின் வேகமும் இரவல் வாங்கிக்கொண்டபோதுதான் ஸ்டாப்பின் உண்மையான பலம் தெரியவந்தது. ஷட்டர் 1/125 வினாடியிலிருந்து 1/250க்குப் போனால் ஒரு ஸ்டாப் குறைவு. பிலிமின் வேகத்தைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண் 100லிருந்து 200க்குப் போனால் ஒரு ஸ்டாப் கூடுதல். மூன்றும் நூறு ரூபாய் நோட்டைச் சில்லறை மாற்றுவது போல ஒன்றுக்கொன்று மாறும். எஃப் 8, 1/125 என்ற இடத்தில் எஃப் 5.6, 1/250 வைத்தாலும் சென்சாருக்குப் போய்ச் சேரும் ஒளி ஒன்றே. ஓடும் பேருந்தை உறையவைக்க ஷட்டரை மூன்று ஸ்டாப் வேகப்படுத்தினீர்களா, அந்த மூன்றையும் அப்பர்ச்சரிலிருந்தோ ஐ.எஸ்.ஓ.விலிருந்தோ வசூலித்துவிட வேண்டும். (ஷட்டர் வரிசையில் 1/8க்கு அடுத்து 1/16 வராமல் 1/15 வருவது, 1/60க்கு அடுத்து 1/125 வருவது எல்லாம் எண்களை முழுமையாக்கச் செய்த சின்னத் திருகல்கள். படத்தில் அது தெரியாது.)

பிலிம் பெட்டியில் 100/21, 400/27 என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். இரண்டாவது எண், பிலிமின் வேகத்துக்கு 1934ல் ஜெர்மனியில் வந்த டின் அளவு. அதில் 3 டிகிரி கூடினால் ஒரு ஸ்டாப். ஏன் மூன்று? 2ன் மடக்கை 0.301, அதைப் பத்தால் பெருக்கினால் மூன்று. வெயிலில் ஒளியைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் என்.டி. பில்டர்களில் 0.3, 0.6, 0.9 என்று இருப்பதும் இதே மடக்கைதான்: ஒன்று, இரண்டு, மூன்று ஸ்டாப். மடக்கை என்பது பள்ளியில் பட்டியல் புத்தகத்தோடு புதைத்துவிட்ட சங்கதி என்று நினைப்பவர்கள், கேமராவைத் தொட்டவுடன் தெரியாமலேயே அதைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கை ஒருவர் மனத்திலேயே போட்டதால் கிடைத்த புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. 1941 நவம்பர் 1, மாலை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியாகப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் காரில் போய்க்கொண்டிருந்தார். கிழக்கே நிலா எழுந்திருந்தது. மேற்கே இறங்கிய சூரியனின் கடைசி வெளிச்சம் ஊரின் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் மின்னியது. காரை நிறுத்தி எட்டுக்குப் பத்து அங்குலப் பெரிய கேமராவை அவசரமாக நிறுத்தினார். லைட் மீட்டரைத் தேடினால் காணவில்லை. சிலுவைகளில் வெளிச்சம் இன்னும் எத்தனை வினாடி நிற்குமோ தெரியாது.

நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவிருந்தது. நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை. அதன் வெளிச்சம் இரவுக்கு இரவு அதிகம் மாறாது. அந்த நிலா படத்தில், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள நடுச்சாம்பலைவிட இரண்டு ஸ்டாப் பிரகாசமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 250ஐ இரண்டு முறை பாதியாக்கினால் சுமார் 60. அவர் வைத்திருந்த பிலிமின் வேகம் 64. அவர் பயன்படுத்திய வாய்பாட்டின்படி, பிலிம் வேகத்தின் வர்க்கமூலத்தை எஃப் எண்ணாக வைத்தால், அதாவது எஃப் 8 வைத்தால், 1/60 வினாடி போதும். லென்ஸில் மாட்டியிருந்த மஞ்சள் பில்டர் ஒளியை மூன்றில் ஒன்றாகக் குறைக்கும், ஆகவே 1/20. முன்னால் உள்ள புதரும் பின்னால் உள்ள மலையும் சேர்ந்து தெளிவாக விழ எஃப் 32 தேவை. எஃப் 8லிருந்து 11, 16, 22, 32 என்று நான்கு ஸ்டாப், பதினாறு மடங்கு. 16/20, ஏறத்தாழ ஒரு வினாடி. ஒரு வினாடி திறந்து மூடினார். இன்னொரு பிரதி எடுக்கலாம் என்று பிலிம் சட்டத்தைத் திருப்புவதற்குள் சிலுவைகளில் இருந்த வெயில் போய்விட்டது. உலகத்தில் அந்த நெகட்டிவ் ஒன்றே ஒன்றுதான்.

கதையில் எனக்குப் பிடித்த பகுதி அதிர்ஷ்டம் சார்ந்தது அல்ல. அதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் லாஸ் ஏஞ்சலிஸில் பாடம் நடத்தும்போது ஜோன் முறை என்று ஒன்றை வகுத்திருந்தார்கள். முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை படத்தின் சாயல்களை ஒரு ஸ்டாப்புக்கு ஒரு ஜோனாகப் பிரித்து, ஐந்தாவது ஜோனை நடுச்சாம்பல் என்று வைத்தார்கள். படம் எடுப்பவர் எந்தப் பொருள் எந்த ஜோனில் விழ வேண்டும் என்று முதலிலேயே தீர்மானிக்கிறார். சாலையோரத்தில் நின்று ஆடம்ஸ் செய்தது அதையே. அவர் பிறகு ஆண்டுக்கணக்கில் அந்தப் படத்தின் தேதியை உறுதியாகச் சொல்லத் தெரியாமல் இருந்தார். நிலாவின் இடத்தையும் சூரியனின் கோணத்தையும் கணித்து வானியலாளர்கள்தான் அந்த நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

நடுச்சாம்பல் என்ற யோசனை இன்று ஒவ்வொரு கேமராவிலும் இருக்கிறது. கேமராவுக்குத் தன் முன்னால் இருப்பது என்னவென்று தெரியாது. பார்ப்பதெல்லாம் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு அளக்கிறது. வெளுத்த வேட்டி 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். சாம்பலைவிட இரண்டு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல். வேட்டி சட்டைக்காரர்கள் சட்டகம் நிறைய உட்கார்ந்திருந்தால் மீட்டர் ஏமாந்து, வேட்டியைச் சாம்பலாக்கும். மாநிறமான முகங்கள் அதோடு சேர்ந்து இருட்டுக்குள் போகும். அனுபவமுள்ள கல்யாண போட்டோகிராபர் அந்த இடத்தில் யோசிக்காமல் ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டிவிடுவார். கருங்கல் கோபுரத்தடியில் கறுப்புக் குதிரைச் சிற்பத்தை எடுப்பவர் ஒரு ஸ்டாப் குறைப்பார். கையில் சாம்பல் அட்டை இல்லாதவர்களுக்குப் பழைய உபாயம் ஒன்று: உள்ளங்கையை வெளிச்சத்தில் காட்டி அளந்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் திறந்துவிடுவது. மேல்தோல் எந்த நிறமாக இருந்தாலும் உள்ளங்கைகள் பெரிதாக வேறுபடுவதில்லை.

ஏன் இரட்டிப்பு? பத்து பத்தாகவோ ஐந்து ஐந்தாகவோ கூட்டியிருக்கக் கூடாதா? காரணம் கண்ணில் இருக்கிறது. கையில் 100 கிராம் இருக்கும்போது சில கிராம் கூடினாலே தெரியும். ஒரு கிலோ இருக்கும்போது அதே சில கிராம் தெரியாது, அதன் பத்து மடங்கு கூட வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எர்ன்ஸ்ட் வெபர் கண்டார். 1860ல் குஸ்டாவ் பெஷ்னர் அதைச் சூத்திரமாக்கினார்: தூண்டுதல் மடங்கு மடங்காக ஏறும்போது உணர்வு படிப்படியாகத்தான் ஏறுகிறது. ஒரு மெழுகுவத்தி எரியும் அறையில் இரண்டாவதை ஏற்றினால் உடனே தெரியும். இருபது எரியும்போது இன்னொன்று ஏற்றினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெஷ்னரின் சூத்திரம் எல்லாப் புலன்களுக்கும் எல்லா அளவிலும் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் அன்றாட வெளிச்சத்தில் கண்ணுக்கு அது நெருங்கிய உண்மை. கண்மணி 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரிந்தால் கிடைப்பது நான்கு ஸ்டாப்தான். நிலவுக்கும் வெயிலுக்கும் நடுவே உள்ள பதினெட்டரையில் மீதியை விழித்திரையே தன் கூர்மையை மாற்றிச் சமாளிக்கிறது. இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் எடுப்பது அதனால்தான்.

விண்மீன்களை அளப்பவர்கள் இந்த இடத்துக்குப் புகைப்படக்காரர்களுக்கு முன்பே வந்துவிட்டார்கள். பழங்காலத்திலிருந்து வெறுங்கண்ணால் ஒன்றாம் தரம் முதல் ஆறாம் தரம் வரை என்று விண்மீன்களைப் பிரித்து வந்தார்கள். 1856ல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர், ஒன்றாம் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் நடுவே உள்ள ஐந்து படிகளை 100 மடங்கு என்று வைத்துக்கொள்வோம் என்றார். ஒரு படிக்கு 2.512 மடங்கு. வானியல் இன்றுவரை அதைத்தான் பயன்படுத்துகிறது. போக்சன் 1861ல் சென்னைக்கு அரசு வானியலாளராக வந்தார். நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்திலிருந்து அதே ஆண்டில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. பெயரும் ஆசியா என்றே வைத்தார். 1891ல் இறக்கும்வரை சென்னையிலேயே இருந்தார். அவருடைய மூன்று படிகள் நம்முடைய நான்கு ஸ்டாப்புக்குக் கிட்டத்தட்டச் சமம். இரவு வானத்தைப் படமெடுக்கும் இளைஞர்கள் இந்த மாற்றை மனப்பாடம் செய்துகொள்ளலாம்: ஐ.எஸ்.ஓ.வையும் நேரத்தையும் சேர்த்து நான்கு ஸ்டாப் கூட்டினால் மூன்று தரம் மங்கிய விண்மீன்கள் படத்துக்குள் வரும், வானம் இருட்டாக இருந்தால்.

பிலிமும் கண்ணைப் போலவே மடக்கையில் பேசியது. இங்கிலாந்தின் வேதித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெர்டினாண்ட் ஹர்ட்டரும் வீரோ டிரிஃபீல்டும் 1890ல், பிலிமின் கறுப்பை ஒரு பக்கமும் விழுந்த ஒளியின் மடக்கையை இன்னொரு பக்கமும் வைத்து வரைபடம் போட்டார்கள். நடுவில் நேர்கோடு, இரு முனைகளிலும் மெல்ல வளையும் வால்கள். அந்த வால்களால்தான் பிலிமில் வெள்ளை சட்டென்று வெந்துபோகாமல் மெதுவாகக் கரையும்.

டிஜிட்டல் சென்சார் அப்படியில்லை. அது ஒளித்துகள்களை எண்ணும் கருவி. இரு மடங்கு துகள் விழுந்தால் இரு மடங்கு எண். நிரம்பிவிட்டால் அதற்குமேல் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. 14 பிட் கோப்பில் மொத்தம் 16,384 படிநிலைகள். இவற்றில் சரிபாதியான 8,192, மிகப் பிரகாசமான ஒரே ஒரு ஸ்டாப்புக்குப் போய்விடுகிறது. அடுத்த ஸ்டாப்புக்கு 4,096. அதற்கடுத்து 2,048. இப்படியே இறங்கினால் எட்டாவது ஸ்டாப்பில், அதாவது மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு மடிப்பு இருக்கும் இடத்தில், 64தான் மிஞ்சுகிறது. போதாததற்கு ஒளித்துகள்கள் மழைத்துளி விழுவது போல ஒழுங்கில்லாமல் வருபவை. 10,000 துகள் எதிர்பார்த்தால் நூறு முன்னே பின்னே இருக்கும். ஒரு சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 துகள் எதிர்பார்த்தால் பத்து முன்னே பின்னே, பத்து சதவீதம். நிழலில் மணல் தூவியது போலத் தெரிவது அதுதான். இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் நான்கு ஸ்டாப் ஏற்றினால் அந்த மணலும் சேர்ந்து ஏறும். வெள்ளை வெந்துபோகாத அளவுக்கு எவ்வளவு வெளிச்சம் கொடுக்க முடியுமோ அவ்வளவு கொடுத்து எடுங்கள் என்று டிஜிட்டல் ஆசிரியர்கள் சொல்வதன் காரணம் இவ்வளவுதான்.

துளையைச் சுருக்கிக்கொண்டே போனால் படம் கூர்மையாகிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கை ஒன்று உண்டு. ஓர் எல்லைவரை சரி. சிறிய துளையைக் கடக்கும் ஒளி விரிந்து பரவும், புள்ளி வட்டாகும். எஃப் 16ல் பச்சை ஒளிக்கு அந்த வட்டின் குறுக்களவு சுமார் 21 மைக்ரான். 24 மெகாபிக்சல் முழுப் பிரேம் கேமராவில் ஒரு பிக்சல் 6 மைக்ரான். அப்படியானால் 1932ல் கலிபோர்னியாவில் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் தங்கள் குழுவுக்கு எஃப் 64 என்றே பெயர் வைத்தார்களே, எப்படி? அவர்களுடைய நெகட்டிவ் பலவும் ஒரு புத்தகத்தின் அளவு. பெரிதாக்காமல் அப்படியே தாளில் அச்சிட்டால் எஃப் 64ன் வட்டு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வெறுங்கண் அதைப் புள்ளி என்றே பார்க்கும். விரல்நக அளவு சென்சார் உள்ள போனில் அந்தத் துளையை வைத்தால் படமே இருக்காது. பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர் மாறாமல் நிலையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போன் விளம்பரத்தில் எஃப் 1.8 என்று பார்த்துவிட்டு, பெரிய கேமராவின் எஃப் 1.8 லென்ஸுக்குச் சமம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சதுர மில்லிமீட்டரில் விழும் வெளிச்சம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் முழுப் பிரேம் சென்சாரின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். போனில் 72 இருக்கிறது என்று வைத்தால், அதுவே பெரிய சென்சார்தான், மொத்தத்தில் அது பிடிப்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. மூன்றரை ஸ்டாப் பற்றாக்குறை. அதைத்தான் ஒரே சொடுக்கில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி மென்பொருள் ஈடுகட்டுகிறது. எட்டுப் படம் சேர்ந்தால் மூன்று ஸ்டாப். அசையாமல் நின்றால் நன்றாக வருவதும், குழந்தை ஓடினால் குழம்புவதும் இந்தக் கணக்கு வெளியே தெரியும் இடங்கள்.

சினிமாவில் எஃப் எண்ணை முழுவதும் நம்புவதில்லை. கண்ணாடித் துண்டுகள் பல அடுக்கிய லென்ஸில் ஒளி கொஞ்சம் தொலைந்துபோகும். நூற்றுக்கு 80 பங்குதான் உள்ளே போகிறது என்றால் எஃப் 1.4 லென்ஸ் வேலையில் 1.6 போலத்தான் இருக்கும். ஒரே காட்சியில் லென்ஸ் மாற மாற முகத்தின் நிறம் மாறினால் படத்தொகுப்பில் பிடிபட்டுவிடும். அதனால் சினிமா லென்ஸ்களில் உண்மையில் கடந்துவரும் ஒளியை அளந்து டி ஸ்டாப் என்று பொறிக்கிறார்கள். வெளிச்சத்துக்காக மிகத் தொலைவு போனவர் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக். 1975ல் வெளிவந்த ‘பேரி லிண்டன்’ படத்தில் மெழுகுவத்திக் காட்சிகளை மெழுகுவத்தியிலேயே எடுக்க, நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த 50 மில்லிமீட்டர் எஃப் 0.7 லென்ஸ்களைப் பயன்படுத்தினார். எஃப் 1.4ஐவிட இரண்டு ஸ்டாப், நான்கு மடங்கு ஒளி. படத்தின் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் கிடைத்தது. நடிகர்கள் முன்னும் பின்னும் கொஞ்சம் அசைந்தாலே முகம் மங்கிவிடும் என்பதால் அந்தக் காட்சிகளில் எல்லோரும் சிலைபோல உட்கார்ந்திருக்கிறார்கள்.

லென்ஸ் வாங்கப் போகும் உங்களுக்கு ஒரு வார்த்தை. 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ், கேமராக் கடையில் கிடைக்கும் மலிவான சரக்குகளில் ஒன்று. அதே நிறுவனத்தின் எஃப் 1.4 பல மடங்கு விலை. 1.8ஐ 1.4ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.65. அதாவது மூன்றில் இரண்டு ஸ்டாப்; ஐ.எஸ்.ஓ. சக்கரத்தில் இரண்டு சொடுக்கு. பின்னணி இன்னும் கொஞ்சம் கரைய வேண்டும், அதற்காகத்தான் வாங்குகிறேன் என்றால் தாராளமாக வாங்குங்கள். வெளிச்சத்துக்காக என்றால் வேண்டாம்.